வீடியோ பாடம் சொல்லும். பிழை திருத்துவது யார்?

கட்டணம் கட்ட வழியில்லாமல் படிப்பை விட்ட ஒரு மில் தொழிலாளியின் மகனுக்கு, உலகத்தின் தலைசிறந்த பேராசிரியர் வீடு தேடி வந்து பாடம் சொல்லித் தருவார் என்றால், வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? நாம் சொல்லவில்லை. ஆனால் வந்தவர் தம் பாடத்தை ஒப்பித்துவிட்டு, பையன் "புரியவில்லை ஐயா" என்று வாய் திறப்பதற்குள் போய்விட்டால்? அவர் வந்து போகிறார் என்பதையே காரணமாகக் காட்டி, உள்ளூர்க் கல்லூரியில் தினமும் அந்தப் பையனின் சந்தேகத்தைத் தீர்த்துக்கொண்டிருந்த ஆசிரியரின் வேலைக்கும் உலை வைத்துவிட்டால்?

கம்ப்யூட்டர் பாடத்தை வகுப்பறையிலிருந்து எடுத்து இணையத்தில் ஏற்றுவது பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த இரண்டு கேள்விகளும் எழுகின்றன. நம் நாட்டில் இது வெறும் பேச்சல்ல. ஒரு பருவத்துப் பாடங்களில் நூற்றுக்கு 40 பங்கு வரை சர்க்காரின் 'ஸ்வயம்' இணைய மேடை வழியாகப் படித்துக்கொள்ளலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021-ல் விதி வகுத்தது. 2016-ல் வகுத்த விதியில் அது 20 பங்காக இருந்தது. ஐந்தே ஆண்டில் இரட்டிப்பு! ஆகவே, இந்தக் காரியத்தில் நமக்கு முன்பே இறங்கிய அமெரிக்காவில் என்ன நடந்தது என்பதை நம் மாணவர்களும் ஆசிரியர்களும் அறிந்திருப்பது அவசியம். அங்கே நடந்ததில் படிப்பினை நிறைய இருக்கிறது. எல்லாம் ஒரே பக்கத்துப் படிப்பினையும் அல்ல.

இருநூறும் ஒன்றரை லட்சமும்

2011-ன் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகம் (ஒரு ரயில்வே முதலாளியின் செல்வத்தில் எழுந்த தனியார் ஸ்தாபனம் அது) தன் கம்ப்யூட்டர் வகுப்புகளில் மூன்றை இணையத்தின் மூலம் உலகத்தாருக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. அவற்றில் செயற்கை நுண்ணறிவு பற்றிய வகுப்பை நடத்தியவர்கள் செபாஸ்டியன் த்ரூன், பீட்டர் நார்விக் என்ற இருவர். இருவருமே கூகுள் கம்பெனியோடு தொடர்புள்ளவர்கள். சுமார் 190 நாடுகளிலிருந்து 1,60,000 பேர் பெயர் கொடுத்தார்கள். பல்கலைக்கழகத்துக்குள்ளேயே கட்டணம் கட்டி அந்தப் பாடத்தை எடுத்திருந்தவர்கள் சுமார் 200 பேர். அவர்களிலும் பெரும்பாலோர் நாளடைவில் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டு, அறையில் இருந்தபடியே வீடியோவைப் பார்க்கத் தொடங்கினர். கடைசியில் பேராசிரியர் முன் உட்கார்ந்திருந்தவர்கள் முப்பது பேர்தான் என்று சொல்லப்படுகிறது.

பத்திரிகைகள் தம்பட்டம் அடித்தன. கல்வியில் புரட்சி வந்துவிட்டது என்றன. இன்னும் ஐம்பது ஆண்டுகளில் உலகம் முழுவதற்கும் உயர்கல்வி தரப் பத்து ஸ்தாபனங்கள் மட்டுமே மிஞ்சும் என்று த்ரூன் ஆருடம் சொன்னார். அவர் ஸ்டான்போர்டை விட்டு வெளியே வந்து 'உடாசிட்டி' என்ற கம்பெனியைத் தொடங்கினார். ஸ்டான்போர்டின் வேறு இரு ஆசிரியர்கள், ஆண்ட்ரூ இங்கும் டாப்னே கோலரும், 'கோர்செரா' என்ற கம்பெனியைத் தொடங்கினர். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமும் ஹார்வர்டும் சேர்ந்து, லாப நோக்கமில்லாதது என்ற அறிவிப்போடு 'எடெக்ஸ்' என்ற ஸ்தாபனத்தை நிறுவின. எல்லாம் 2012-ல்.

அந்த 1,60,000 பேரில் படித்து முடித்தவர்கள் எத்தனை பேர்? சுமார் 23,000. ஏழு பேரில் ஆறு பேர் நடுவழியில் நின்றுவிட்டார்கள். எடெக்ஸின் முதல் பாடமான மின்சுற்றுப் பாடத்தில் 2012-ல் பதிவு செய்தவர்கள் ஏறக்குறைய 1,55,000 பேர். சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்துகூடத் தேறவில்லை.

இதைக் காட்டி எல்லாம் வெறும் ஜம்பம் என்று தள்ளிவிட நாம் தயாராக இல்லை. 23,000 மாணவர்கள் என்பது ஓர் ஆசிரியர் தம் ஆயுள் முழுவதும் பாடம் நடத்தினாலும் எட்ட முடியாத தொகை. பணம் வாங்காமல், பிறப்பும் ஊரும் கேட்காமல் அறிவை அள்ளிக் கொடுத்தது நல்ல காரியமே. வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அந்தப் பதிவுக் கணக்கில் உண்டு என்பதும் வாஸ்தவம். ஆனால் பாடத்தை முடித்த 23,000 பேர் யார்? தானே தட்டுத் தடுமாறி எழுந்து நடக்கத் தெரிந்தவர்கள். விழுந்தால் தூக்கிவிட ஒரு கை தேவைப்பட்டவர்கள்தான் அந்த ஆறு பங்கில் பெரும் பங்காக இருந்திருப்பார்கள். இது நம் ஊகம் மட்டுமல்ல. ஸ்டான்போர்டிலிருந்து இருபது மைல் தூரத்தில் 2013-ல் நடந்த சோதனை இதைக் கண்கூடாகக் காட்டிவிட்டது.

சான் ஹோசேயில் குட்டு வெளிப்பட்டது

சான் ஹோசே அரசுப் பல்கலைக்கழகம் சிலிக்கான் பள்ளத்தாக்கின் நடுவே இருக்கிறது. 1857-ல் தொடங்கியது. உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகளும், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களும், குடும்பத்திலேயே முதல் முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்களும் படிக்கிற இடம். 2008-ன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் கலிபோர்னியா சர்க்கார் தன் பல்கலைக்கழகங்களின் மானியத்தில் கத்தி வைத்தது. ஆசிரியருக்குக் கொடுக்கப் பணமில்லை என்ற நிலையில்தான் இணையக் கம்பெனிகள் உள்ளே நுழைந்தன.

அங்கே இரண்டு சோதனைகள் நடந்தன. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்க வேண்டும்.

முதலாவது 2012-ன் பிற்பகுதியில் நடந்தது. எடெக்ஸின் மின்சுற்றுப் பாடத்தையே எடுத்துக்கொண்டார்கள். மாணவர் வீட்டில் வீடியோ பார்த்துவிட்டு வருவார். வகுப்பு நேரத்தில் ஆசிரியர் சொற்பொழிவு செய்யமாட்டார். மாணவர்கள் சிறு குழுக்களாக உட்கார்ந்து கணக்குப் போடுவார்கள். ஆசிரியரும் உதவியாளர்களும் இடையே நடந்து சந்தேகம் தீர்ப்பார்கள். அதற்கு முன் அந்தப் பாடத்தில் தேறியவர்கள் நூற்றுக்கு 59 பேர். இம்முறை 91 பேர் தேறினார்கள்.

இரண்டாவது சோதனையை 2013 ஜனவரியில் மாநில கவர்னர் ஜெர்ரி பிரவுனே த்ரூனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அறிவித்தார். உடாசிட்டி கம்பெனியோடு சேர்ந்து அடிப்படைக் கணக்கு, அல்ஜீப்ரா, புள்ளியியல் என்று மூன்று பாடங்கள். பாடம் ஒன்றுக்கு 150 டாலர். இதில் வகுப்பறையே கிடையாது. ஏற்கெனவே கணக்கில் தவறியவர்களையும், ஏழ்மையான வட்டாரத்து உயர்நிலைப் பள்ளி மாணவர்களையும் அந்தத் திரையின் முன் உட்காரவைத்தார்கள். சில பிள்ளைகள் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை என்பது பாடம் தொடங்கிய பிறகுதான் தெரியவந்தது! விளைவு என்ன? வகுப்பறையில் அதே பாடங்களைப் படித்தவர்களில் நூற்றுக்கு 74 பேருக்குக் குறையாமல் தேறினார்கள். உடாசிட்டி வகுப்புகளில் மிக நன்றாக நடந்ததிலும் 51 பேருக்கு மேல் தேறவில்லை. 2013 ஜூலையில் பல்கலைக்கழகம் அந்த ஏற்பாட்டை நிறுத்தி வைத்தது.

வீடியோ இரண்டிலும் இருந்தது. ஒன்றில் வீடியோ ஆசிரியரின் கையைச் சொற்பொழிவிலிருந்து விடுவித்து மாணவனின் நோட்டுப் புத்தகத்தின் பக்கம் திருப்பியது. மற்றதில் வீடியோ அந்தக் கையையே அகற்றிவிட்டது. அதே ஊரில், அதே பல்கலைக்கழகத்தில், சில மாத இடைவெளியில் நடந்த இந்தச் சோதனைகளைவிடத் தெளிவான சான்று வேறு என்ன வேண்டும்? பாடங்களும் மாணவர்களும் வேறு வேறுதானே என்று ஒருவர் ஆட்சேபம் சொல்லலாம். சொல்லட்டும். பலவீனமான மாணவருக்குத்தான் ஆசிரியர் அதிகம் தேவை. அவரிடமிருந்துதான் முதலில் ஆசிரியரைப் பறித்தார்கள் என்பதே அந்த ஆட்சேபத்துக்குப் பதில்.

கம்பெனியின் தலைவர் என்ன சொன்னார்? அந்த ஆண்டின் இறுதியில் த்ரூன், தம் சரக்கு தரமானதல்ல என்று ஒரு பத்திரிகைப் பேட்டியில் தாமே ஒப்புக்கொண்டார். வசதியற்ற வட்டாரத்திலிருந்து வந்த, கம்ப்யூட்டர் வசதி சரியாக இல்லாத மாணவர்களுக்கு இந்த முறை பொருந்தவில்லை என்ற பொருளிலும் பேசினார். பிறகு கம்பெனி, பணம் கொடுக்கக்கூடிய உத்தியோகஸ்தர்களுக்கும் பெரிய கம்பெனிகளுக்கும் பயிற்சி விற்பதன் பக்கம் திரும்பிக்கொண்டது. ஏழைக்கும் கல்வி என்று புறப்பட்ட வண்டி, ஏழை ஏறியதும் பாரம் தாங்கவில்லை என்று அவனை இறக்கிவிட்டுப் போய்விட்டது. 2024-ல் அந்தக் கம்பெனியை அக்செஞ்சர் என்ற பெரிய கம்பெனி விலைக்கு வாங்கியது. லாப நோக்கமில்லாத எடெக்ஸின் கதியும் வேறல்ல. 2021-ல் அதன் மேடையை 80 கோடி டாலருக்கு '2யூ' என்ற லாபக் கம்பெனிக்கு விற்றார்கள். அந்தக் கம்பெனி 2024-ல் திவால் மனு கொடுத்தது. நம் பிள்ளைகளின் பாடத்தை எப்படிப்பட்ட கைகளில் ஒப்படைக்கச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்!

சான் ஹோசே ஆசிரியர்கள் இதற்கெல்லாம் முன்பே எச்சரித்தார்கள். ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டெலின் வீடியோக்களைக் கொண்டு பாடம் நடத்தும்படி நிர்வாகம் சொன்னபோது, அங்குள்ள தத்துவத்துறை ஆசிரியர்கள் 2013 ஏப்ரலில் அவருக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பணக்காரப் பல்கலைக்கழகத்து மாணவனுக்கு உயிருள்ள பேராசிரியர், ஏழைப் பல்கலைக்கழகத்து மாணவனுக்கு அந்தப் பேராசிரியரின் நிழற்படம் என்று இரண்டு ஜாதிப் பல்கலைக்கழகங்கள் உருவாகும் என்பதே அவர்கள் கவலையின் சாரம். அது நியாயமான கவலைதான் என்று சாண்டெலும் ஒத்துக்கொண்டார். அதே ஆண்டு, இத்தகைய இணையப் பாடங்களுக்குப் பல்கலைக்கழகங்கள் அங்கீகாரம் தந்தே தீர வேண்டும் என்று கலிபோர்னியாவில் ஒரு மசோதா வந்தது. ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்து நின்றன. மசோதா கிடப்பில் போடப்பட்டது.

பதினோராவது டப்பா

"கணக்கு, தத்துவம் எல்லாம் சரி. கம்ப்யூட்டர் பாடத்துக்கு இணையத்தைவிடப் பொருத்தமான இடம் ஏது? எந்திரத்தைப் பற்றிய பாடத்தை எந்திரத்தின் வழியே படிப்பதில் என்ன தடை?" என்று சிலர் கேட்கிறார்கள். காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் புரோகிராம் எழுதும் வித்தை காதால் கேட்டு வருவதல்ல. தறி ஓட்டுவதைப் போல, லேத்தில் நின்று இரும்பு கடைவதைப் போல, செய்து தவறி, தவறிய இடத்தைக் கண்டு, மறுபடி செய்து கைக்கு வருவது.

ஓர் உதாரணம் சொல்லுவோம். பத்து மாணவர்களின் மதிப்பெண்களைக் கூட்டுவதற்கு ஒரு புரோகிராம். முதலாண்டு வகுப்பில் எல்லோரும் எழுதுவது. சி மொழியில் பத்து எண்களுக்கு வரிசையாக இடம் ஒதுக்கினால், அந்தப் பத்து டப்பாக்களுக்கும் 1 முதல் 10 வரை இலக்கம் கிடையாது. 0 முதல் 9 வரைதான். 0-ல் தொடங்க வேண்டும் என்பதை மாணவன் நினைவில் வைத்துக்கொள்கிறான். முடிப்பதை மட்டும் பழக்க தோஷத்தால் 10-ல் முடிக்கிறான். இப்போது கூட்டப்படுவது பதினோரு டப்பா. பதினோராவது அவனுடையதே அல்ல. எந்திரம் பிழை என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. அந்த இடத்தில் என்ன குப்பை கிடந்ததோ அதையும் சேர்த்துக் கூட்டி ஒரு விடையைக் கொடுக்கிறது. அங்கே தற்செயலாக 0 கிடந்தால் விடை சரியாகவே வரும். மறுநாள் அதே புரோகிராம் பத்துப் பேருக்குக் கோடிக்கணக்கில் மதிப்பெண் காட்டும்.

நேற்று சரியாக வந்தது இன்று ஏன் தவறுகிறது? வீட்டில் தனியாக இருக்கும் பையன் இந்தக் கேள்வியோடு இரவு ஒரு மணி வரை மல்லுக்கட்டுவான். வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டுவான். வீடியோவில் இருப்பது சரியான புரோகிராம். அவனுடைய தவறு அதில் இல்லை. கடைசியில், கம்ப்யூட்டர் நமக்கு வராது, இதெல்லாம் இங்கிலீஷ் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குத்தான் என்று மூடி வைத்துவிடுவான். லேப்பில் இருந்தால் என்ன நடக்கும்? பின்னால் வந்து நிற்கும் ஆசிரியர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கடைசி டப்பாவின் நம்பர் என்ன, சொல்லு தம்பி" என்பார். "ஒன்பது, சார்" என்று சொல்லி முடிப்பதற்குள் பையனின் விரல் தானாகவே அந்த வரிக்குப் போய்விடும். விடையை அவர் சொல்லவில்லை. எங்கே பார்க்க வேண்டும் என்பதைக் காட்டினார். அரை நிமிட வேலை. ஆனால் அந்த அரை நிமிடத்துக்கு ஒரு மனிதர் அங்கே இருக்க வேண்டும். அவருக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். இணையப் பாடத்தால் சிக்கனம் ஏற்படும் என்கிறார்களே, அவர்கள் மிச்சம் பிடிக்க நினைப்பது இந்தச் சம்பளத்தைத்தான்.

புரோகிராமைத் தானே ஓட்டிப் பார்த்து மதிப்பெண் போடும் எந்திரங்கள் உண்டு. பயனுள்ளவைதான், நூறு நோட்டுகளைத் திருத்தும் சலிப்பிலிருந்து ஆசிரியரை அவை விடுவிக்கின்றன. ஆனால் பத்துச் சோதனையில் ஏழு தேறியது, மூன்று தவறியது என்று சொல்வதோடு பெரும்பாலும் அவற்றின் வேலை முடிந்தது. 2022-ன் இறுதிக்குப் பின் வந்த பேசும் எந்திரங்கள் மற்றொரு கோடிக்குப் போய்விட்டன. கேட்ட மாத்திரத்தில் முழுப் புரோகிராமையும் எழுதிக் கொடுத்துவிடுகின்றன. பையனின் வீட்டுப்பாடம் முடிந்துவிடும். பையன் எங்கே நின்றானோ அங்கேயே நிற்பான்.

அட்லாண்டாவில் வெற்றி கண்டது எது?

எதிர்த்தரப்பின் மிகப் பலமான சாட்சியையும் விசாரிக்காமல் விடக் கூடாது. அது ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகம். அட்லாண்டா நகரத்திலுள்ள இந்த அரசு ஸ்தாபனம் தன் கம்ப்யூட்டர் எம்.எஸ். பட்டப்படிப்பை அப்படியே இணையத்துக்குக் கொண்டுபோய், 2014 ஜனவரியில் சுமார் 380 மாணவர்களோடு தொடங்கியது. வெளிமாநிலத்தவர் வளாகத்தில் படித்தால் 40,000 டாலருக்கு மேல் செலவாகும் பட்டம், இணையத்தில் 7,000 டாலருக்குள் அடங்கியது. கூட்டாளி அதே உடாசிட்டி. தொடக்கப் பணமாக 20 லட்சம் டாலர் கொடுத்தது ஏ.டி. அண்டு டி. என்ற டெலிபோன் ஏகபோகக் கம்பெனி. தன் ஊழியர்களுக்குக் குறைந்த செலவில் பயிற்சி கிடைக்கும் என்ற கணக்கு அதற்கு.

இது தோற்கவில்லை. பத்தாண்டுகளில் 10,000-க்கும் அதிகமானோர் பட்டம் பெற்றிருக்கிறார்கள். வளாகத்துக்கு விண்ணப்பித்தவர்களின் சராசரி வயது 24, இணையத்துக்கு விண்ணப்பித்தவர்களுக்கு 34 என்றும், இவர்களில் பெரும்பாலோர் வேலையை விட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போக முடியாத நடுவயது ஊழியர்கள் என்றும், இந்தப் படிப்பு இல்லையென்றால் வேறெங்கும் படித்திருக்கமாட்டார்கள் என்றும் ஆய்வாளர்கள் கண்டார்கள். இதை நாம் மனமார வரவேற்கிறோம். குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு இரவில் பாடம் படிக்கும் தாய்க்கும், ஷிப்டு முடிந்து வந்து புத்தகத்தைத் திறக்கும் ஊழியனுக்கும் கல்விக் கதவு திறந்தால் அதில் குறை காண்பதற்கு எதுவுமில்லை.

ஆனால் இரண்டு விஷயங்களை மறந்துவிடக் கூடாது. இங்கே சேர்ந்தவர்கள் ஏற்கெனவே ஒரு பட்டம் பெற்றவர்கள், உத்தியோகத்தில் இருப்பவர்கள், சொந்தக் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள். சான் ஹோசேயில் தவறிய அல்ஜீப்ராப் பையன்கள் அல்ல. இது ஒன்று. மற்றது, தொடக்கத்தில் போட்ட கணக்கு. 300 மாணவர்களை மூன்றாண்டுகளில் 10,000 வரை உயர்த்துவதற்குப் புதிதாக எட்டு ஆசிரியர்கள் போல் நியமித்தால் போதும் என்பது 2013-ல் வெளியான திட்டம். நடைமுறை அந்தக் கணக்கைக் கேலி செய்துவிட்டது. மாணவர்கள் பெருகப் பெருக, கேள்விக்குப் பதில் சொல்லவும் புரோகிராம்களைப் படித்துக் குறை நிறை எழுதவும் உதவி ஆசிரியர்கள் நூற்றுக்கணக்கில் வேண்டியிருந்தது. அந்தப் படிப்பை முடித்தவர்களே பலர் பகுதிநேரமாக அந்த வேலையைச் செய்கிறார்கள். வீடியோ ஒரு முறை எடுத்தால் போதும். கேள்விகள் ஒவ்வொரு பருவமும் புதிதாகப் பிறக்கின்றன.

எத்தனை கேள்விகள்? அசோக் கோயல் என்ற பேராசிரியர் நடத்திய ஒரு வகுப்பில் 300 மாணவர்கள் ஒரு பருவத்தில் எழுதும் செய்திகள் ஏறக்குறைய 10,000. அவரும் அவருடைய எட்டு உதவியாளர்களும் திணறிப்போனார்கள். 2016 ஜனவரியில் ஒன்பதாவது உதவியாளராக 'ஜில் வாட்சன்' என்ற பெயரில் ஐ.பி.எம். கம்பெனியின் எந்திரம் ஒன்றை வைத்தார். வீட்டுப்பாடத்தை என்றைக்குக் கொடுக்க வேண்டும், எந்த வடிவத்தில் அனுப்ப வேண்டும் என்பன போன்ற கேள்விகளுக்கு, நூற்றுக்கு 97 பங்கு நிச்சயம் இருந்தால் மட்டும் அது பதில் சொல்லியது. பருவம் முடியும் தறுவாயில் உண்மையைச் சொல்லும்வரை, அது மனிதப் பிறவி இல்லை என்று மாணவர்கள் அறியவில்லை. சாமர்த்தியமான ஏற்பாடு, சந்தேகமில்லை. மற்ற எட்டுப் பேரையும் அவர் வீட்டுக்கு அனுப்பவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த ஊர் நிர்வாகி இந்தக் கதையைப் படித்துவிட்டு அந்த எட்டுப் பேரைத்தான் முதலில் எண்ணிப் பார்ப்பார். நாம் பயப்படுவது ஜில் வாட்சனைக் கண்டல்ல; அவரைக் கண்டு.

தொலைவிலிருந்து படிப்பிப்பது புதிதும் அல்ல. பிரிட்டனில் தொழிற்கட்சி சர்க்கார் 1969-ல் நிறுவிய திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 1971-ல் ரேடியோ, டெலிவிஷன், தபால் மூலம் உழைப்பாளிகளுக்குப் பட்டக் கல்வி தரத் தொடங்கியது. கம்ப்யூட்டர் பாடமும் அதில் உண்டு. அது நிலைத்ததற்குக் காரணம் டெலிவிஷன் அல்ல. சிறு சிறு குழுவாக மாணவர்களைப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் ஆசிரியரை வைத்து, விடைத்தாளைப் படித்துத் திருத்தி எழுதி அனுப்பச் செய்ததே காரணம். அந்த ஆசிரியர்கள் நெடுங்காலம் தற்காலிக ஊழியர்களாகவே வைக்கப்பட்டிருந்தார்கள். சங்கம் விடாமல் போராடியது. 2022-ல் சுமார் 4,800 பேர் நிரந்தர ஒப்பந்தம் பெற்றார்கள்.

நம் கல்லூரிகளில்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது, நம் கல்லூரிகள் ஒரு வாரத்து ஆயத்தம்கூட இல்லாமல் இணையத்துக்கு ஓடின. அது தவிர்க்க முடியாதது; அன்று இரவு பகலாகப் பாடம் தயாரித்த ஆசிரியர்களைக் குறை சொல்பவர்கள் நன்றியற்றவர்கள். ஆனால் அந்த அனுபவம் என்ன காட்டியது? 2017-18-ல் எடுத்த தேசிய மாதிரி ஆய்வின்படி, கிராமப்புறக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் வைத்திருந்தவை நூற்றுக்கு 4.4. நகர்ப்புறத்தில் 23.4. இணைய வசதி கிராமத்தில் நூற்றுக்கு 14.9, நகரத்தில் 42. அதன் பிறகு செல்போன் பெருகியது வாஸ்தவம். ஆனால் உள்ளங்கை அகலத் திரையில், பாதித் திரையை விசைப்பலகை மறைத்துக்கொள்ள, அடைப்புக்குறியையும் அரைப்புள்ளியையும் தேடித் தேடித் தட்டி ஐம்பது வரி புரோகிராம் எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், செல்போன் கம்ப்யூட்டர் ஆகாது என்பது. வகுப்பு கேட்கப் போன் போதும். கேட்பது பாதி வேலைகூட அல்ல என்று முன்பே சொன்னோம்.

சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் அறிவித்த இணையவழிப் பட்டப்படிப்பைப் பலர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார்கள். கூட்டு நுழைவுத் தேர்வு என்ற மதில் சுவரைத் தாண்டாமலே, தகுதிச் சுற்று ஒன்றில் தேறியவர்கள் சேரலாம். தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவர்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் கட்டணச் சலுகை உண்டு. பரீட்சையை ஊர்களில் மையம் வைத்து நேரில் நடத்துகிறார்கள். நல்ல அம்சங்கள். பணக்காரக் கோட்டையின் வாசலில் ஒரு புதிய கதவு திறந்திருக்கிறது. ஆனால் இது கூடுதலாகத் திறந்த கதவு. இருக்கிற கல்லூரியின் கதவைச் சாத்திவிட்டு அதற்குப் பதிலாக வைத்தது அல்ல. ஸ்வயத்தின் 40 பங்கு விதியை ஒரு மாவட்டத் தலைநகரத்துக் கலைக் கல்லூரியோ, தனியார் பொறியியல் கல்லூரியோ உபயோகிக்கும் விதம் வேறாக இருக்கக்கூடும். ஓய்வு பெற்ற கம்ப்யூட்டர் ஆசிரியரின் இடத்தை நிரப்பாமல், "அந்தப் பாடத்தை ஸ்வயத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு நோட்டீஸ் ஒட்டிவிட்டால், சான் ஹோசே நம் ஊருக்கு வந்துவிட்டது என்று பொருள். பல தனியார் நிர்வாகங்களுக்கு இந்த யோசனையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கட்டணத்தை மட்டும் அவை வகுப்பறைக் கணக்கிலேயே வசூலிக்கும்.

இதில் ஒரு விசேஷம். நிர்வாகங்கள் சிக்கனத்துக்காகத் தூக்கிப் பிடிக்கும் விதியிலேயே மாணவர் பக்கத்து ஆயுதமும் இருக்கிறது. இணையப் பாடத்துக்கு அங்கீகாரம் கொடுக்கும் கல்லூரி, அதைப் படிக்கத் தேவையான லேப், கம்ப்யூட்டர், நூல்நிலைய வசதிகளை இலவசமாகவும் போதுமான அளவிலும் தர வேண்டும் என்றும், பாடம் முடியும் வரை மாணவர்களுக்கு வழிகாட்டவும் செய்முறை வகுப்பை நடத்தவும் ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டும் என்றும் 2016-ல் மானியக் குழு கூறியிருக்கிறது. இந்த வாசகத்தை எத்தனை கல்லூரி நோட்டீஸ் பலகைகளில் பார்த்திருக்கிறோம்?

மாணவர் சங்கங்களும் ஆசிரியர் சங்கங்களும் இந்தப் பருவத் தொடக்கத்திலேயே தங்கள் கல்லூரி முதல்வரிடம் எழுத்து மூலம் கேட்கட்டும். ஸ்வயத்துக்கு மாற்றிய ஒவ்வொரு கம்ப்யூட்டர் பாடத்துக்கும் பொறுப்பான ஆசிரியரின் பெயர் என்ன? வாரத்தில் எந்த நாள், எத்தனை மணி நேரம் அவர் லேப்பில் இருப்பார்? அந்த நேரம் அவருடைய வேலைக் கணக்கில் சேர்க்கப்பட்டிருக்கிறதா, அல்லது அவர் தலையில் சுமத்திய இலவச ஊழியமா? விடுதியில் இல்லாத, வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாத மாணவனுக்கு மாலை எத்தனை மணி வரை லேப் திறந்திருக்கும்? கடைசி பஸ் போன பிறகு திறந்து வைத்துப் பயனில்லை. ஆகவே அந்த நேரத்தை மாணவர்களைக் கேட்டே முடிவு செய்யச் சொல்லுங்கள். பதிலையும் எழுத்து மூலமே வாங்குங்கள்.